நிறுவனச் செயலாற்றுகையை அளத்தல்: கருத்தும் கலைச்சொல்லும்

1. முன்னுரை

ஒரு நிறுவனம் தன் பணியை எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதை அளப்பதும், அவ்வளவீட்டைக் கொண்டு நிறுவனத்தை நெறிப்படுத்துவதும் மேலாண்மைத் துறையின் முதன்மையான ஆய்வுப் பொருள்களுள் அடங்கும். தொழிற்சாலைகளில் வேரூன்றிய இவ்வழக்கம் காலப்போக்கில் அரசுத் துறைகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், மொழி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் பரவியது. மொழிபெயர்ப்பாளர்கள் இத்துறை அறிக்கைகளைப் பெயர்க்கிறார்கள்; அவர்களது பணியும் இதே அளவைகளால் மதிப்பிடப்படுகிறது. ஆகவே இத்துறையின் கருத்துகள் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இருவழியில் தொடர்புடையனவாகின்றன.

எண்ணுவதற்கு எளிதானது எண்ணப்பட்டு, அடைய வேண்டிய நோக்கம் மறைந்துபோவது நிறுவன அளவீட்டின் நீண்டகாலச் சிக்கலாகும். தமிழில் வழங்கும் கலைச்சொற்கள் வேறு வேறான கருத்துகளை ஒரே சொல்லில் அடக்குவதால், இந்த மறைவு கண்ணுக்குத் தெரியாமலே நிகழ இடமுண்டாகிறது. இக்கருத்தை நிறுவுவதும், மாற்றுக் கலைச்சொற்கள் சிலவற்றைப் பரிந்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. ஒரு சொல், மூன்று பொருள்

ஆங்கிலத்தில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘எஃபிஷியன்சி’, ‘எஃபெக்டிவ்னெஸ்’ என்பன மூன்று தனிச்சொற்கள். தமிழ்நாட்டு இதழ்களிலும் அலுவலக வழக்கிலும் இம்மூன்றுக்கும் ‘செயல்திறன்’ என்ற ஒரே சொல் ஆளப்படுவதைப் பரவலாகக் காணலாம். இதன் விளைவை ஒரு சான்றால் விளக்கலாம். நீலி, கிரிகரி, பிளாட்ஸ் ஆகியோர் 1995இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோளாகும் வரையறை ஒன்றைத் தந்தது. மேற்கண்ட மூன்று சொற்களுள் முதலாவதை அளப்பது என்பது ஏனைய இரண்டையும் எண்ணளவில் காண்பதே என்பது அதன் சாரம். இதனை வழக்கிலுள்ள சொற்களால் பெயர்த்தால் கிடைப்பது பின்வருமாறு:

(1) செயல்திறனை அளத்தல் என்பது செயலின் செயல்திறனையும் செயல்திறனையும் எண்ணளவில் காணுதல்.

இது பொருளற்ற தொடர். எழுவாயும் பயனிலையும் ஒரே சொல்லாகிவிட்டமையால் வரையறை வட்டமாகச் சுழல்கிறது. ஒரு வரையறையைப் பெயர்க்க இயலாத கலைச்சொல் தொகுதி, அவ்வரையறை தாங்கும் கருத்தையும் தாங்க இயலாது.

மூன்று கருத்துகளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதைக் கற்பனையான ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவைக் கொண்டு காட்டலாம். அப்பிரிவு ஓராண்டில் 20 நூல்களை மொழிபெயர்த்தது என்க. இதுவே அவ்வாண்டில் அது ஆற்றிய செயல். அந்த 20 நூல்களையும் குறைந்த செலவிலும் குறைந்த காலத்திலும் முடித்ததா என்பது வளத்துக்கும் ஆக்கத்துக்கும் இடையிலுள்ள விகிதத்தைப் பற்றிய வினா. அந்நூல்கள் யாருக்காகப் பெயர்க்கப்பட்டனவோ அவர்களுக்குப் பயன்பட்டனவா என்பது நோக்கம் நிறைவேறியதைப் பற்றிய வினா. இரண்டாம் வினாவுக்குச் சிறந்த விடை தரும் பிரிவு, மூன்றாம் வினாவுக்கு விடையின்றி நிற்கக்கூடும். யாரும் படிக்காத நூலையும் சிக்கனமாகவும் விரைவாகவும் மொழிபெயர்க்க இயலும் அன்றோ!

ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு தொடக்கம் முதல் நிலையாக இருந்ததில்லை. செஸ்டர் பர்னார்ட் 1938இல் வெளியிட்ட நூலில், நிறுவனத்தின் பொது நோக்கம் நிறைவேறுவதை ‘எஃபெக்டிவ்னெஸ்’ என்றார். கூடி உழைக்கும் தனிமனிதரின் விழைவுகள் நிறைவுறுவதை ‘எஃபிஷியன்சி’ என்றார். பின்னது இன்றைய பொருளிலிருந்து பெரிதும் விலகியது. வளத்துக்கும் ஆக்கத்துக்கும் உள்ள விகிதம் என்ற பொறியியற் பொருளே பின்னர் மேலாண்மை வழக்கில் நிலைபெற்றது. பர்னார்டின் நூலை இன்று மொழிபெயர்ப்பவர் அகராதியை மட்டும் நம்பினால், ஆசிரியர் கூறாத கருத்தை அவர்மேல் ஏற்றிவிடுவார்.

‘செயல்திறன்’ என்ற சொல்லில் வேறொரு சிக்கலும் உண்டு. சாம்ஸ்கி 1965இல் மொழி அறிவாகிய உள்ளார்ந்த திறனையும், அது பேச்சில் வெளிப்படும் செயல்நிலையையும் பிரித்துக் காட்டியதை மொழியியலார் அறிவர். பேச்சில் நேரும் தடுமாற்றம் மொழியறிவின் குறைவைக் காட்டுவதாகாது. நினைவாற்றலின் எல்லை, கவனச்சிதறல் முதலியனவும் அதற்குக் காரணமாகலாம் என்பது இப்பிரிவின் பயன். மேலாண்மைத் துறையிலும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்பது நிகழ்ந்த செயலையே குறிக்கிறது. ‘திறன்’ என்ற தமிழ்ச்சொல்லோ நிகழ்ந்ததைக் குறிப்பதன்று. ஒருவரிடம் உள்ள ஆற்றலைக் குறிப்பது. எனவே ‘செயல்திறன் மதிப்பீடு’ என்ற தொடரைப் படிப்பவர், ஓராண்டில் நடந்த பணியின் மதிப்பீடு என்று கொள்ளாமல், பணியாளரின் தகுதியைப் பற்றிய தீர்ப்பு என்று கொள்ள இடமுண்டு. ஆள் பற்றாக்குறை, காலந்தாழ்ந்து வந்த மூலநூல், பழுதான கருவி ஆகியவற்றால் குறைந்த பணியும் ஆளின் குறையாகத் தோன்றுகிறது.

இந்திய ஆட்சித்துறையில் இவ்வேறுபாடு நடைமுறை சார்ந்தது. நடுவண் அரசு ஊழியரைப் பற்றி நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது ஆண்டு மந்தண அறிக்கை. அறிக்கையின் ஒவ்வொரு பதிவும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் 2008இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் அறிக்கையின் பெயரும் மாறியது. மந்தணம் என்னும் கருத்து நீங்கி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்னும் சொல் இடம்பெற்றது. ஆளைப் பற்றிய கருத்து என்ற நிலையிலிருந்து, பணியைப் பற்றிய மதிப்பீடு என்ற நிலைக்கு நகர்வதை இப்பெயர் மாற்றம் சுட்டுகிறது. அப்பெயரைத் தமிழில் ‘செயல்திறன்’ என்று பெயர்த்தால் இந்நகர்வு மீண்டும் பின்னோக்கித் திரும்பிவிடுகிறது.

3. உள்ளீடு முதல் விளைவு வரை

நிறுவனத்தின் பணியைப் பல கண்ணிகள் கொண்ட தொடராகக் காண்பது அளவீட்டு ஆய்வுகளின் பொதுநெறி. பணம், ஆள், காலம் ஆகியன உள்ளீடு. அவற்றைக் கொண்டு நடத்தப்படுவன செயல்பாடுகள். செயல்பாடுகளால் நேரடியாகக் கிடைப்பது வெளியீடு. வெளியீட்டால் பயனாளரிடம் உண்டாகும் மாற்றம் விளைவு. நெடுங்காலத்தில் சமுதாயத்தில் உண்டாகும் மாற்றம் தாக்கம்.

இத்தொடரின் முன்கண்ணிகள் நிறுவனத்தின் கைக்குள் இருப்பவை. ஆதலின் எண்ணுதற்கு எளியவை. பின்கண்ணிகள் நிறுவனத்துக்கு வெளியே நிகழ்பவை, பிற காரணங்களோடு கலந்தவை, காலந்தாழ்ந்து தோன்றுபவை. ஆனால் நிறுவனம் நிறுவப்பட்டதன் நோக்கம் பின்கண்ணிகளிலேயே உள்ளது. இந்திய நடுவண் அரசு 2005இல் ‘அவுட்கம் பட்ஜெட்’ எனப்படும் விளைவுசார் வரவுசெலவுத் திட்டத்தை அறிமுகப்படுத்தியதன் அடிப்படைக் கருத்தும் இதுவே. எவ்வளவு செலவிடப்பட்டது என்பதோடு நில்லாமல், செலவால் என்ன விளைந்தது என்று கேட்பது அதன் நோக்கமாகும்.

மொழித்துறையிலிருந்து ஒரு சான்று காண்போம். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் 2008இல் தொடங்கப்பட்ட தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம், உயர்கல்விக்குரிய அறிவு நூல்களை எட்டாம் அட்டவணை மொழிகளில் கிடைக்கச் செய்வதை நோக்கமாகக் கொண்டது. இத்தகைய திட்டத்தில் பெயர்க்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை வெளியீடு ஆகும். தாய்மொழியில் படிக்கும் மாணவர் அந்நூலைக் கொண்டு பாடப்பொருளை விளங்கிக்கொள்வது விளைவு. அத்துறையில் அம்மொழியிலேயே சிந்தித்து எழுதும் மரபு தோன்றுவது தாக்கம். முதலாவதை ஓராண்டில் எண்ணலாம். மூன்றாவதைக் காண ஒரு தலைமுறை வேண்டும்.

இங்கும் தமிழ்ச்சொல் ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. ‘வெளியீடு’ என்பது ‘அவுட்புட்’ என்பதற்கும் அச்சிட்ட நூலுக்கும் பொதுவான சொல். ‘இந்நிறுவனத்தின் வெளியீடு உயர்ந்துள்ளது’ என்ற தொடர், அச்சிட்ட நூல்கள் மிகுந்தன என்ற பொருளையும் தரும். பணியின் மொத்த ஆக்கம் மிகுந்தது என்ற பொருளையும் தரும். நூல் வெளியிடும் நிறுவனத்தில் இவ்விரு பொருளும் ஒன்றையொன்று எளிதில் விழுங்கிவிடும். பயிற்சி, மீள்பார்வை, கலைச்சொல் ஆய்வு முதலிய பணிகள் நூலாக அச்சேறாமையால் கணக்கில் வாராமற்போகும்.

4. அளவை இலக்காகும்போது

அளவை மனிதரின் நடத்தையை மாற்றுகிறது என்பதைக் களத்தில் கண்டு விளக்கிய தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று பீட்டர் பிளாவ் 1955இல் வெளியிட்ட நூல். வேலை தேடுவோரை வேலை தரும் நிறுவனங்களோடு இணைக்கும் அமெரிக்க அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றை அவர் ஆராய்ந்தார். முதலில் அங்கு நேர்காணல்களின் எண்ணிக்கையே கணக்கிடப்பட்டது. ஊழியர் நேர்காணலை விரைந்து முடிப்பதில் கருத்தூன்றினர். வேலை கிடைத்ததா என்பது பின்தள்ளப்பட்டது. பின்னர், வேலையில் அமர்த்தப்பட்டோரின் எண்ணிக்கை உட்படப் பல அளவைகள் சேர்க்கப்பட்டன. அப்பொழுது போட்டி மிகுந்த பிரிவில், காலிப்பணியிடம் பற்றிய தகவலைச் சக ஊழியர் அறியாதவாறு மறைத்துவைக்கும் வழக்கம் தோன்றியது. எண்ணிக்கைக்குக் குறைந்த அழுத்தம் தந்து ஒத்துழைப்புடன் பணியாற்றிய பிரிவு, மொத்தத்தில் மிகுதியானோரை வேலையில் அமர்த்தியது.

இவ்வாய்வையும் இதனையொத்த பிறவற்றையும் தொகுத்து நோக்கிய ரிட்ஜ்வே 1956இல் அளவைகளை மூவகையாகப் பகுத்தார். ஒற்றை அளவை, அளக்கப்படாத பணிகளைப் புறக்கணிக்கச் செய்கிறது. பல அளவைகள் இருப்பின் எதற்கு முதலிடம் தருவது என்ற தெளிவின்மை எழுகிறது. அவற்றை ஒன்றாக இணைத்து ஒரே மதிப்பெண்ணாக்கினால், ஒவ்வொன்றுக்கும் தரப்படும் எடையைச் சார்ந்த சிக்கல்கள் தோன்றுகின்றன. காப்லானும் நார்டனும் 1992இல் முன்வைத்த ‘சமநிலை மதிப்பெண் அட்டை’, நிதி, வாடிக்கையாளர், உள்முறைகள், புதுமையும் கற்றலும் என்ற நான்கு நோக்குகளை அருகருகே வைத்தது. நிதிக் கணக்கு ஒன்றையே நோக்கும் பழக்கத்தை அது தளர்த்தியது. எனினும் ரிட்ஜ்வே கூறிய இரண்டாம், மூன்றாம் சிக்கல்கள் அதனால் தீர்ந்தன எனல் இயலாது.

பணக்கொள்கை குறித்துப் பொருளியலார் குட்ஹார்ட் 1975இல் கூறியதும், சமூகக் குறியீடுகள் குறித்து உளவியலார் காம்ப்பெல் 1970களில் கூறியதும் ஒரே திசையைக் காட்டுவன. ஒரு குறியீட்டின்மீது முடிவுகளைச் சார்த்தினால், அக்குறியீடு தான் சுட்டிய பொருளைச் சுட்டும் தன்மையை இழக்கிறது என்பதே அது. மேரிலின் ஸ்டிராதெர்ன் என்ற மானுடவியலார் 1997இல் பிரித்தானியப் பல்கலைக்கழகத் தணிக்கை முறையை ஆராய்ந்தபோது இதனைப் பொதுவிதியாக்கினார்: அளவை இலக்கானால் நல்ல அளவையாக நீடிப்பதில்லை. குறியியல் நோக்கில் இதனை எளிதில் விளக்கலாம். எண் ஒரு குறிப்பான். நிறுவனத்தின் நோக்கம் அதன் குறிப்பீடு. குறிப்பானுக்கே பரிசு தரப்படுமிடத்து, குறிப்பீட்டைத் தொடாமலே குறிப்பானை உண்டாக்கும் வழிகளைப் பணியாளர் கண்டுபிடிக்கின்றனர்.

அளவையே வேண்டா என்பது இதன் முடிவன்று. தெளிவான, ஓரளவு கடினமான இலக்குகள் மங்கலான அறிவுரையைவிடப் பணியை மேம்படுத்துகின்றன என்பதை லாக், லேத்தம் ஆகியோரின் நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன. எதனை இலக்காக்குகிறோம் என்பதிலேயே சிக்கல் உள்ளது.

5. மொழிபெயர்ப்புப் பணியின் அளவைகள்

மொழிபெயர்ப்பில் மிகப் பழகிய அளவை சொல்லெண்ணிக்கை. தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் ‘சொல்’ என்பதன் எல்லை எழுத்துமுறையைச் சார்ந்தது:

(2) அ. செய்துகொண்டிருக்கிறார்கள்
ஆ. செய்து கொண்டு இருக்கிறார்கள்

பொருளாலும் இலக்கணத்தாலும் (2அ), (2ஆ) இரண்டும் ஒன்றே. கணினிக் கணக்கில் முன்னது ஒரு சொல், பின்னது மூன்று. பெயர்ப்பு மொழியின் சொல்லெண்ணிக்கைக்கு ஊதியம் தரும் நிறுவனம், சேர்த்தெழுதுபவருக்குக் குறைவாகவும் பிரித்தெழுதுபவருக்கு மிகுதியாகவும் தருகிறது. உரையைச் செறிவாக்கும் மீள்பார்வையாளர் கணக்கில் இழப்பை உண்டாக்குபவராகிறார். அளவை இங்கு மொழிநடையிலேயே தலையிடக் காண்கிறோம்.

ஐரோப்பிய ஆணையத்தின் மொழிபெயர்ப்புத் துறை, இடைவெளி நீங்கலாக 1500 எழுத்துருக்கள் கொண்டது ஒரு பக்கம் என்று வரையறுத்துக் கணக்கிடும் வழக்கத்தைக் கொண்டது. இம்முறை சொல்லெல்லைச் சிக்கலைத் தவிர்க்கிறது. ஆயினும் தமிழுக்கு இதனை அப்படியே கொள்ளல் இயலாது. ‘மொழி’ என்பது தமிழ் மரபில் இரண்டெழுத்து. ஒருங்குறியில் அது நான்கு குறியீடுகளால் ஆனது. எதனை எழுத்து என எண்ணுவது என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். மூலமொழியின் அளவைக் கணக்கிடுவதே இவற்றுள் சிக்கல் குறைந்த வழி. மொழிபெயர்ப்பாளர் அதனைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

இயந்திர மொழிபெயர்ப்பிலும் இதே படிப்பினையைக் காணலாம். 2002இல் அறிமுகமான ‘புளூ’ என்ற அளவை, இயந்திரம் தந்த பெயர்ப்பும் மனிதர் செய்த பெயர்ப்பும் சொற்களிலும் சொற்றொடர்களிலும் எவ்வளவு ஒத்துள்ளன என்று கணிப்பது. வேர் சரியாக அமைந்து ஒரு விகுதி மட்டும் வேறுபட்டாலும் சொல் முழுவதும் பொருந்தாததாகக் கொள்ளப்படுவதால், சொல்லுருக்கள் மிகுந்த மொழிகளுக்கு இது பொருத்தம் குறைந்தது. 2015இல் வந்த ‘சிஎச்ஆர்எஃப்’ என்ற அளவை எழுத்துருத் தொடர்களை ஒப்பிட்டு இக்குறையை ஓரளவு நீக்கியது. ஒரு மொழியின் அமைப்புக்கேற்ப உருவான அளவை, வேறு அமைப்புடைய மொழிக்கு நடுநிலையான அளவையாகாது என்பது இதனால் தெளிவாகும்.

கல்வி நிறுவனங்களில் மொழிபெயர்ப்புக்குத் தரப்படும் மதிப்பும் ஓர் அளவைச் சிக்கலே. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியரின் கல்விப்பணியைப் புள்ளிகளாக்கும் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைகளின் எண்ணிக்கைக்குப் புள்ளி கிடைத்த காலத்தில் தரமற்ற ஆய்விதழ்களும் பெருகின. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து குழு நீக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த புதிய விதிகளின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையில், மொழி மற்றும் கலைத்துறையினரின் ஆய்வுக்கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளிகள் வகுக்கப்பட்டன. மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்கு 8 புள்ளிகள்; மொழிபெயர்த்த இயல் அல்லது கட்டுரைக்கு 3 புள்ளிகள்.

இவ்வட்டவணைப்படி, பல ஆண்டு உழைப்பில் ஒரு பெருநூலை முழுமையாகத் தமிழாக்கியவர், ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதியவரைவிடக் குறைந்த புள்ளி பெறுகிறார். 80 பக்க நூலும் 800 பக்க நூலும் ஒரே புள்ளி பெறுகின்றன. மொழிபெயர்ப்பு மதிப்பற்றது என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் எடைகள் அதனைச் சொல்லிவிடுகின்றன. பதவி உயர்வை எதிர்நோக்கும் இளம் ஆசிரியர் பெருநூலைத் தொடாமல் விலகினால், அது அவருடைய ஆர்வக்குறைவு அன்று, அளவையின் விளைவு. இழப்பு அந்நூலைத் தமிழில் படித்திருக்கக்கூடிய மாணவருக்கே.

6. கலைச்சொற் பரிந்துரை

இலங்கைத் தமிழ் ஆட்சி வழக்கில் மேற்கண்ட கருத்துகளுக்குத் தனிச்சொற்கள் வழங்குகின்றன. அரசு நிறுவனங்களின் ஆண்டறிக்கை ‘செயலாற்றுகை அறிக்கை’ எனப்படுகிறது. ‘எஃபிஷியன்சி’ என்பதற்கு ‘வினைத்திறன்’ என்பதும், ‘எஃபெக்டிவ்னெஸ்’ என்பதற்கு ‘விளைதிறன்’ என்பதும் ஆளப்படுகின்றன. இவற்றைத் தமிழ்நாட்டு வழக்கிலும் ஏற்பது தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அதற்குரிய காரணங்கள் வருமாறு:

அ. ‘செயலாற்றுகை’ என்பதிலுள்ள ‘-கை’ தொழிற்பெயர் விகுதி. எனவே இச்சொல் நிகழும் செயலைக் குறிக்கிறது. ஆளின் ஆற்றலைக் குறிப்பதில்லை.

ஆ. ‘வினைத்திறன்’ என்பது வினையைச் செய்யும் முறையின் சிறப்பை உணர்த்துகிறது. ‘விளைதிறன்’ என்பது வினைத்தொகை. விளைவை உண்டாக்கும் தன்மையைச் சுட்டி, ‘விளைவு’ என்ற கண்ணியோடு இயல்பாக இணைகிறது.

இ. தமிழ்நாட்டுப் பள்ளி இயற்பியலில் வெப்ப இயந்திரத்தின் ‘எஃபிஷியன்சி’ என்பதற்குப் ‘பயனுறுதிறன்’ வழங்குகிறது. ஆகவே ‘பயன்’ என்ற அடியிலிருந்து ‘எஃபெக்டிவ்னெஸ்’ என்பதற்குச் சொல்லாக்கினால் குழப்பம் விளையும்.

இச்சொற்களில் குறை ஒன்றும் உண்டு. ‘வினைத்திறன்’, ‘விளைதிறன்’ இரண்டும் ஒலியாலும் வடிவாலும் நெருங்கியவை. அச்சுப்பிழை ஒன்று பொருளை மாற்றிவிடக்கூடும். எனவே முதலில் ஆளுமிடத்துச் சுருக்கமான விளக்கம் தருதல் நலம். ‘அவுட்புட்’ என்பதற்கு ‘வெளியீடு’ நிலைபெற்றுவிட்டது. நூல் வெளியிடும் நிறுவனங்களின் அறிக்கையில் மட்டும் ‘பணிவெளியீடு’ என அடைகொடுத்து வழங்கலாம். ‘செயல்பாடு’ என்பதைச் செய்யப்படும் பணிக்கும், ‘இலக்கு’ என்பதை அடையக் குறித்த எண்ணுக்கும், ‘நோக்கம்’ என்பதை நிறுவனம் இருப்பதற்கான காரணத்துக்கும் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இவ்வாறு கொண்டால் (1) பின்வருமாறு அமையும்:

(3) செயலாற்றுகையை அளத்தல் என்பது செயலின் வினைத்திறனையும் விளைதிறனையும் எண்ணளவில் காணுதல்.

இப்பொழுது வரையறை பொருள் தருகிறது. எவற்றை அளக்க வேண்டும் என்பதையும் கூறுகிறது.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மொழி நிறுவனங்களின் நடைமுறைக்குச் சில முடிவுகளைப் பெறலாம். ஒவ்வொரு பணிவெளியீட்டு அளவையோடும் ஒரு விளைவு அளவையை இணைத்தல் வேண்டும். நூலின் எண்ணிக்கையோடு, அது பாடத்திட்டத்தில் இடம்பெற்றதா, மறுபதிப்புக் கண்டதா, அதன் கலைச்சொற்களைப் பிறர் ஆண்டனரா என்பனவும் குறிக்கப்பட வேண்டும். மூலத்தை அறியாத வாசகர் ஒருவர் நூலைப் படித்து விளங்காத இடங்களைக் குறித்தல் எளிய, செலவு குறைந்த அளவையாகும். எண் குறைந்தவிடத்துத் தண்டனைக்கு முன் ‘ஏன்’ என்ற வினா எழ வேண்டும். அளக்கப்படுவோர் அளவையை வகுப்பதில் பங்குபெற வேண்டும். அளவைகள் பழகி இலக்குகளாக இறுகுமுன் அவற்றைக் காலந்தோறும் மாற்றி அமைத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய கடமை இவற்றுக்கு முற்பட்டது. அளவீட்டு அறிக்கை ஒன்றைத் தமிழாக்கும்போது ‘செயல்திறன்’ என்று எழுத நேருமிடத்தெல்லாம், மூலம் கூறுவது நிகழ்ந்த செயலையா, சிக்கனத்தையா, பயனையா என்று கேட்டுத் தெளிதல் வேண்டும். அத்தெளிவு இல்லாத அறிக்கையைக் கொண்டு நிறுவனம் தன்னைத் திருத்திக்கொள்ள இயலாது; அதில் பணியாற்றுவோர் தமக்குரிய மதிப்பைக் கோரவும் இயலாது.